ஃபுல் டேங்கில் ஓடுகிறது, கால் டேங்கில் நிற்கிறது: இன்ஜின் மாற்றிய 800-க்கு என்ன நோய்?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. இரண்டு வருடத்துக்கு முன் எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜினை கியர்பாக்ஸ், ஈ.சி.எம் (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்), வயரிங்கோடு ஏற்றினேன். டேங்க் மட்டும் பழையதுதான். பெட்ரோல் பம்பை இன்ஜின் ரூமில், ஃபயர்வால் (இன்ஜின் ரூமையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) ஓரமாக வைத்திருக்கிறார்கள். பொள்ளாச்சிக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. மத்தியான வேளையில் வால்பாறைக்கு ஏறினால், ஆழியாறு தாண்டிப் பத்துப் பதினைந்து கொண்டை ஊசி வளைவுக்குள் பம்பு சத்தம் மாறும், வண்டி மிஸ் அடிக்கும், பிறகு நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் வருவதில்லை. இதுவரை மூன்று பம்பு, பிளக் செட், ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டர் கிளீனிங்கும் செய்தாகிவிட்டது. இப்போது ஈ.சி.எம் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஈ.சி.எம்மைத் தொடாதீர்கள். நான்காவது பம்பும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்ற குறி பல நோய்களுக்குப் பொது. கேம்ஷாஃப்ட் சென்சார், இக்னிஷன் காயில், ரிலே, தேய்ந்த பம்பு மோட்டார் எல்லாமே இப்படித்தான் நடிக்கும். ஆனால் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று சென்சாருக்குத் தெரியாது. ஃபுல் டேங்கில் வராது, குறைந்தால் வரும் என்றால், நோய் டேங்குக்கும் பம்பின் வாய்க்கும் நடுவில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது உறிஞ்சும் பக்கம். இதுவரை நீங்கள் மாற்றியதெல்லாம் பம்பும் அதற்குப் பிறகு வரும் பாகங்களும்.

உங்கள் 800-ல் முதலில் இருந்தது மெக்கானிக்கல் டயாஃப்ரம் பம்பு. அது இன்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சி, சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவு அழுத்தத்தில் கார்புரேட்டருக்குக் கொடுக்கும். நடுவில் கொஞ்சம் காற்று வந்தாலும் பாதகமில்லை. ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோல் சில நொடிகளைச் சமாளித்துவிடும், காற்று மேலே வெளியேறிவிடும். எம்.பி.எஃப்.ஐ-யில் அந்தக் கையிருப்பு கிடையாது. பம்பு அரை நொடி காற்றைக் குடித்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலில் அழுத்தம் விழும், உடனே மிஸ் அடிக்கும். கார்புரேட்டர் டேங்கின் உள்ளே, பெட்ரோலை ஒரு மூலையில் பிடித்து வைக்கும் கிண்ணமும் இல்லை. கொண்டை ஊசியில் ஒரு பக்கம் ஒதுங்கும் பெட்ரோல், உறிஞ்சு குழாயின் வாயைத் திறந்து விட்டுவிடும். ஏற்றம் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பம்பு வைத்த இடம் இரண்டாவது குற்றவாளி. குழாயின் நடுவே மாட்டும் இன்லைன் இன்ஜெக்‌ஷன் பம்பு தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோப்ளாங்கி. அதை டேங்கை ஒட்டி, பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே வைத்தால் பெட்ரோல் தானாகவே வந்து அதன் வாயை நிரப்பும். ஃபயர்வாலில் வைத்தால், வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் குழாய் வழியாக மேல்நோக்கி இழுக்க வேண்டும். இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். சாதாரண அழுத்தத்திலேயே பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியில் ஆவியாகத் தொடங்கும். உங்கள் இன்ஜின் ரூமோ அதைவிடப் பல மடங்கு கொடூரம். மலை ஏற ஏறக் காற்றழுத்தமும் குறைகிறது. பெட்ரோலில் எத்தனால் கலந்தால் ஆவியாகும் போக்கு இன்னும் கொஞ்சம் கூடும். பம்பு சத்தம் மாறும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெட்ரோலோடு ஆவியையும் சேர்த்து அரைக்கும் சத்தம். மூன்று பம்பு போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பெட்ரோல்தான் அந்தப் பம்புக்குக் குளிர்ச்சியும் மசகும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இந்த வகை பம்பு மணிக்குச் சுமார் 100 லிட்டர் தள்ளும் என்று வையுங்கள். 85 குதிரைத்திறன் இன்ஜின் முழு ஆக்ஸிலேட்டரில் குடிப்பது மணிக்கு 26, 28 லிட்டர்தான். ஐடிலில் ஒரு லிட்டர் பக்கம். மீதி எல்லாம் சூடான ரெயிலைச் சுற்றிவிட்டு ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. 800-ன் டேங்க் 28 லிட்டர். ஃபுல்லாக இருந்தால் மொத்தப் பெட்ரோலும் ஒரு சுற்று வரப் பதினேழு நிமிடம் ஆகும். கால் டேங்கில் ஏழு லிட்டர், நான்கே நிமிடம். ஒரு மணி நேரத்தில் அதே பெட்ரோல் பதினான்கு முறை இன்ஜின் ரூமுக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு வருகிறது. பாதி வழியில் டேங்கின் அடியைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு கையிலேயே தெரியும். ஃபுல் டேங்கில் நோய் மறைவது இதனால்தான், குணமானதால் அல்ல.

இது என் ஊகம். வலுவான ஊகம், ஆனாலும் அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். விட்டு விட்டு வரும் நோயை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். வண்டி நிற்கிற அந்த நிமிடத்தில் அளக்க வேண்டும். அதற்கு இரண்டு சாமான் போதும்.

முதலாவது, 0 முதல் 7 கிலோ வரை காட்டும் பெட்ரோல் பிரஷர் கேஜ். ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவில் ஒரு டி (மூன்று வாய் இணைப்பு) போட்டு, இன்ஜெக்‌ஷன் ஹோஸ் வழியாக கேஜை பானெட்டின் பின்விளிம்பில் வெளியே எடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் வைப்பருக்குக் கீழே டேப் போட்டு ஒட்டுங்கள். முள் உள்ளே பார்த்தபடி இருக்கட்டும். கேஜை காருக்குள் கொண்டுவரவே கூடாது. அந்த ஹோஸில் ஓடுவது மூன்று கிலோ அழுத்தத்தில் பெட்ரோல், ஒரு கிளாம்ப் நழுவினால் மடியில் தெளிக்கும். ஹோஸ் எக்ஸாஸ்டையும் ஃபேனையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் தீயணைப்பான் இருக்கட்டும், ஓட்டுகிறவர் ஒருவர், முள்ளைப் பார்க்கிறவர் இன்னொருவர்.

இரண்டாவது, 12 வோல்ட் இண்டிகேட்டர் லாம்ப். ஒரு வயர் பம்பின் பாசிட்டிவ் முனையில், இன்னொன்று பம்பின் நெகட்டிவ் முனையிலேயே. வேறு எங்காவது எர்த் கொடுத்தால், பம்பின் எர்த் விட்டுப்போனாலும் லாம்ப் எரிந்து உங்களை ஏமாற்றும். லாம்ப் டாஷ்போர்டில் இருக்கட்டும்.

மலை ஏறும் முன் வீட்டு வாசலிலேயே அடிப்படை அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பு ஓடி, இன்ஜின் ஓடாத நிலையில் இந்த இன்ஜினுக்கு 2.7 முதல் 3.1 கிலோ வர வேண்டும். ஐடிலில் 2.1 முதல் 2.6. இன்ஜினை அணைத்து ஒரு நிமிடத்துக்குள் 2 கிலோவுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஐடிலில், ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கினால் முள் அரை கிலோ அளவுக்கு ஏறும். பிடுங்கிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, மேற்கொண்டு யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஐடிலில் முள் 3-ஐத் தாண்டினால் ரிட்டர்ன் லைன் அடைப்பு, அல்லது அது இந்தப் பம்புக்குப் போதாத மெலிசு. கார்புரேட்டர் வண்டியின் ரிட்டர்ன் குழாயில் இதை எதிர்பார்க்கலாம்.

பிறகு ஓட்ட அளவு. ரெயிலிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை ஒரு அளவுக் கேனுக்குள் விட்டு, பம்பு ரிலேயின் 30, 87 என்று எண் போட்ட முனைகளை ஃபியூஸ் போட்ட வயரால் இணைத்து, சரியாக 30 நொடி பம்பை ஓட்டுங்கள். திறந்த வெளியில், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். 800 மில்லி பக்கம் வந்தால் நன்று. அரை லிட்டருக்குக் கீழே என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. இதையே கால் டேங்கில் ஒரு முறை, ஃபுல் டேங்கில் ஒரு முறை செய்யுங்கள். நல்ல வண்டியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்கள் வண்டியில் இருந்தால் உறிஞ்சும் பக்கம் கையும் களவுமாகப் பிடிபட்டது.

இனி மலை. நேரம் மத்தியானம், டேங்க் கால், வழி அதே ஆழியாறு. மிஸ் அடிக்கும்போது என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் தீர்ப்பு.

லாம்ப் பளிச்சென்று எரிகிறது, முள் மட்டும் நடுங்கிக்கொண்டே 2, 1.5 என்று சரிகிறது என்றால் பம்பு காற்றையோ ஆவியையோ குடிக்கிறது. நான் எதிர்பார்ப்பது இதை. வளைவில் மட்டும் விழுந்து நேரானதும் எழுந்தால் பெட்ரோல் ஒதுங்குகிறது. நேர்ச் சாலையிலும் மெல்ல மெல்லச் சரிந்தால் ஆவி. இரண்டும் சேர்ந்தே வரலாம்.

லாம்ப் மங்கினாலோ அணைந்து அணைந்து எரிந்தாலோ வயரிங். லாம்ப் அணைகிறது, ஸ்பார்க்கும் அதே நொடியில் போகிறது என்றால் ஈ.சி.எம்முக்குக் கேம்ஷாஃப்ட் சென்சார் சிக்னல் வரவில்லை, அல்லது மெயின் ரிலே விடுகிறது. சிக்னல் இல்லையென்றால் இன்ஜின் ஓடவில்லை என்று நினைத்து ஈ.சி.எம் பம்பை நிறுத்திவிடும். பம்பு ஓடவில்லை என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பம்பு மாற்றுகிறவர்கள் விழும் குழி இதுதான். ஆர்.பி.எம் மீட்டர் பொருத்தியிருந்தால் அதையும் பாருங்கள்: வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன் பக்கம் போங்கள்.

லாம்ப் எரிகிறது, முள் 2.5-லேயே நிற்கிறது, இன்ஜின் மட்டும் செத்துவிட்டது என்றால் என் ஊகம் தப்பு. பெட்ரோலை விட்டுவிட்டு காயில், இன்ஜெக்டர் சப்ளை வயர், சென்சார் என்று தேடுங்கள்.

நின்ற இடத்திலேயே இன்னும் இரண்டு சோதனை. முதலில் டேங்க் மூடி. மெதுவாகத் திருப்பும்போது ஒரு பாலித்தீன் காகிதத் துண்டை வாயருகே பிடியுங்கள். உள்ளே இழுத்தால் டேங்குக்குள் வெற்றிடம், அதாவது காற்று உள்ளே போகும் வழி அடைத்திருக்கிறது. வெளியே தள்ளினால் அது வெயிலில் உண்டான ஆவியின் அழுத்தம், குற்றமில்லை. இன்ஜின் மாற்றும்போது எங்கே கொடுப்பது என்று தெரியாமல் டேங்கின் வென்ட் ஹோஸில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி மூடிவிடுவது நடக்கிற கதைதான், உங்கள் வண்டியிலும் பாருங்கள். மூடியைத் திறந்ததும் காத்திருக்காமலே வண்டி எடுத்துக்கொண்டால் தீர்வுக்குச் செலவே இல்லை.

இரண்டாவது, ஈரத் துணி. பம்புக்கு வரும் குழாயின் மேல் மட்டும் நனைத்த துணியைச் சுற்றுங்கள். கால் மணி நேரம் எடுக்கும் வண்டி இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்தால் அங்கே அடைபட்டிருந்தது ஆவி. நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு இடத்தைத்தான் குளிர்விக்க வேண்டும். எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஊற்றினால் வண்டி ஓடும், காரணம் தெரியாது.

இன்னொரு சாத்தியத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. கால் நூற்றாண்டு தாண்டிய இரும்பு டேங்க். உள்ளே துரு உரிந்திருந்தால் அந்தச் செதில்கள் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும். இன்ஜின் நின்று இழுப்பு நின்றதும் கீழே விழும். பத்து நிமிடத்தில் வண்டி ஓடும். இதுவும் அதே நாடகம்தான், ஆனால் இரவுக் குளிரிலும் நேர்ச் சாலையிலும் வரும். டேங்கை இறக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். செதில் இருந்தால் கழுவி ஒட்டுப் போடும் வேலையெல்லாம் வேண்டாம், டேங்கையே மாற்றுங்கள்.

வயரிங்குக்கு வருவோம். கார்புரேட்டர் 800-ல் எலெக்ட்ரிக் பம்புக்கு வயரே கிடையாது, எனவே உங்கள் வண்டியில் இருப்பது யாரோ இழுத்தது. இக்னிஷனை ஆன் செய்தால் பம்பு இரண்டு மூன்று நொடி ஓடி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஈ.சி.எம் ரிலேயைத் தாண்டி நேராகக் கொடுத்திருக்கிறார்கள். அதை முதல் வேலையாக மாற்றுங்கள். விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும், அறுந்த குழாய் வழியாக அது பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் என்றால் பம்பு முனையில் 13.5-ஆவது வேண்டும். 12-க்குக் கீழே பார்த்தால் வயர் மெலிசு அல்லது எர்த் சரியில்லை. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த். பம்பைப் பின்னால் கொண்டு போகும்போது வயரின் நீளம் கூடும், அப்போது இது இன்னும் முக்கியம்.

நான் நினைத்தபடி உறிஞ்சும் பக்கம்தான் என்று உறுதியானால் இரண்டு வழி.

எனக்குப் பிடித்தது, பிந்தைய எம்.பி.எஃப்.ஐ 800-ன் டேங்கை உள்ளே இருக்கும் பம்போடு வாங்கிப் போடுவது. பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் பம்புக்கு இழுக்கும் வேலையே இல்லை, சத்தமும் குறையும். கோவை உக்கடம் பக்கமோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய சாமான் கடைகளில் தேடுங்கள். பழைய டேங்கை இறக்கி எடுத்துப் போய், மாட்டும் காதுகள், ஃபில்லர் கழுத்து, மீட்டர் ஃப்ளோட் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். அந்தப் பம்பு 800 சி.சி இன்ஜினுக்கானது என்பதால், மாட்டியதும் 30 நொடி சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குறைந்தால் டேங்க் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே பம்பை மட்டும் பெரிதாக்கலாம். உள்ளே மூழ்கும் ஹோஸ் எஸ்.ஏ.ஈ 30 ஆர்10 வகையாக இருக்கட்டும். சாதாரண பெட்ரோல் ஹோஸ் வெளிப்பக்கம் நனைந்து ஊறிக் கரையும்.

இரண்டாவது வழி சர்ஜ் டேங்க். ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் கொள்ளும் சின்ன உலோகக் குடுவை. டேங்கிலிருந்து கால் கிலோ அழுத்தத்து லிஃப்ட் பம்பு அதை நிரப்பும். அதன் அடியிலிருந்து உயர் அழுத்தப் பம்பு எடுக்கும், ரெயில் ரிட்டர்ன் குடுவைக்கே வரும், குடுவையின் உச்சியிலிருந்து வழிவது டேங்குக்குப் போகும். இதில் பலர் தவறுவது லிஃப்ட் பம்பின் அளவில். இன்ஜின் குடிப்பது 28 லிட்டர்தானே என்று மணிக்கு 40 லிட்டர் பம்பு போட்டால், ரெயிலில் சுட்டுவரும் பெட்ரோல் அந்த ஒரு லிட்டருக்குள்ளேயே சுழன்று கொதிக்கும். மலையில் நிற்கும் வண்டி அப்போது டவுனிலேயே நிற்கும். லிஃப்ட் பம்பு மணிக்கு 100 லிட்டருக்குக் குறையக் கூடாது. குடுவையும் பம்புகளும் பின்பக்கம், காருக்கு வெளியே, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். டிக்கிக்குள் வைத்த குடுவைகளைப் பார்க்கலாம், அழகாகவே இருக்கும். பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் பெட்ரோல் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் வரும்.

எந்த வழியானாலும், உறிஞ்சும் பக்கத்தில் பொடி ஃபில்டர் வைக்காதீர்கள். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் வலை, பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர், வரிசை இதுதான். கார்புரேட்டர் காலத்துச் சின்னப் பிளாஸ்டிக் ஃபில்டர் இன்னும் பம்புக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கே எடுங்கள், பாதி நோய் அதுவாகவே இருக்கலாம். அழுத்தப் பக்கத்து ஹோஸெல்லாம் எஸ்.ஏ.ஈ 30 ஆர்9 என்று அச்சிட்டதாக, இன்ஜெக்‌ஷன் கிளாம்போடு இருக்கட்டும். இப்போது பங்கில் வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி உரியும். வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பாமல் ஒரு முனையை வெட்டி விரலை விட்டுப் பாருங்கள், விரலில் கருப்பு ஒட்டினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஆர்.சி.யில் இன்ஜின் மாற்றம் ஏறியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஏறாவிட்டால், வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும், இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். பெட்ரோல் லைனில் கைவைத்த வண்டிக்கு அது கூடுதல் கவலை. ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கேஜைக் கழற்றிவிடாமல், கால் டேங்கோடு, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏ.சி இருந்தால் அதையும் போட்டு, அதே 40 வளைவையும் ஏறுங்கள். வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முள் 3 பக்கம் ஏற வேண்டும், காலை எடுத்தால் 2.3 அளவுக்கு இறங்க வேண்டும், நடுக்கம் இருக்கக்கூடாது. அப்படி இரண்டு நாள் போய் வந்த பிறகு கேஜைக் கழற்றலாம். கழற்றும்போது டி-யையும் சேர்த்து எடுத்துவிட்டு முழு ஹோஸ் போடுங்கள். டி-யின் வாயில் போல்ட்டை முடுக்கி விட்டுவிடாதீர்கள்.